இரும்பும் ஒட்சிசனும் கல இறப்பும்

சீனன்குடாவின் பழைய எண்ணெய்க் குதங்களில் ஏறிய துருவைக் காணாதவர் இவ்வூரில் இல்லை. இரும்பும் ஒட்சிசனும் கூடினால் விளைவது அது. நமது உடற்கலங்களிலும் ஏறக்குறைய அத்தகையதொன்று நிகழ்கின்றது. கலமென்சவ்வின் கொழுப்பு இரும்பின் தூண்டலால் ஒட்சியேற்றமடைந்து சிதைய, கலம் இறக்கின்றது. 2012இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஸ்கொட் டிக்சன், பிறென்ட் ஸ்டொக்வெல் குழுவினர் இதற்குப் 'பெரொப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர்.

ஒட்சிசன் குறைந்தால் இவ்விறப்பும் குறையுமென்றே எவரும் நினைப்பர். அது பாதி உண்மையே. ஒட்சிசன் குறைகையில் எச்.ஐ.எஃப். எனும் புரதங்கள் கலத்தில் பெருகுகின்றன. வழமையில் இவற்றை அழிவுக்கு அடையாளமிடும் நொதியங்கள் இயங்க ஒட்சிசனோடு இரும்பும் வேண்டும் என்பது வியப்புக்குரியது. கலங்கள் ஒட்சிசனை உணரும் இம்முறையைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர். இப்புரதங்கள் சில கலங்களைக் காக்கின்றன. சிறுநீரகப் புற்றுக் கலங்கள் சிலவற்றையோ இவ்விறப்புக்கு எளிதில் ஆளாக்குகின்றன.

மாரடைப்பில் அடைபட்ட குருதிக்குழாய் திறந்ததும் திரும்பிவரும் ஒட்சிசன், அதுவரை ஏங்கிக் கிடந்த இதயத்தசைக்கு ஊறும் செய்கின்றது. அதற்காகத் திறக்காமல் விடலாகாது. திறப்பதே உயிர் காக்கும். நெஞ்சுவலி கண்டவர் தாமதியாது வைத்தியசாலை செல்லவேண்டும். இரும்பைப் பிணைக்கும் மருந்து எலிகளில் அவ்வூறைக் குறைத்தது. மனிதருக்கு அது இன்னும் வழமையான சிகிச்சையாகவில்லை.