ஆற்றோர மனைக்கு அனுமதி கேட்கும் முன்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய லேஅவுட் வரைபடத்தையும் மனையின் படங்களையும் பார்த்தேன். அடையாற்றோர வரதராஜபுரம், முப்பதடிச் சாலை, கிழக்குப் பார்த்த மனை, உங்கள் கைக்கு எட்டுகிற விலை. "அப்ரூவ்டு மனை பெரியப்பா, கட்டட அனுமதி உடனே வந்துவிடுமாம்" என்று எழுதியிருக்கிறாய். வரும்தான். என் கவலையே அதுதான்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி கிடைக்கிறது. அலுவலகத்துக்கு நடையாய் நடந்த குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. நான் குறை சொல்லவில்லை. ஆனால் அனுமதிக்கு முன்னால் யாரும் வந்து இடத்தைப் பார்ப்பதில்லை. பார்க்கும் பொறுப்பு கையெழுத்துப் போடுகிற உனக்கு வருகிறது. அந்த அனுமதி சாலை அகலத்தையும் பக்க இடைவெளியையும் பரப்பளவையும் சரிபார்க்கும். மழைக்காலத்தில் உன் வாசலில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று அது கேட்காது.

வெள்ளச் சமவெளியில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று மண்டலம் பிரிக்க மத்திய அரசு 1975-லேயே ஒரு மாதிரிச் சட்ட வரைவை மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான் போன்ற ஒருசில மாநிலங்கள்தான் அதைச் சட்டமாக்கின. நாம் செய்யவில்லை. ஆகவே இங்கே தண்ணீரைப் பற்றிப் பேசுகிற முக்கியமான தாள், நீர்வளத் துறை லேஅவுட்டுக்குக் கொடுக்கும் தடையின்மைச் சான்று. மனை விற்பவர் முதல் பக்கத்தை மட்டும் காட்டுவார். நீ நிபந்தனைப் பக்கங்களைக் கேட்டு வாங்கு. மனையைக் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்துக்கு நிரப்ப வேண்டும், எந்த வாய்க்காலை எத்தனை அகலத்துக்கு விட்டுவைக்க வேண்டும், உள்வடிகால் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அந்த மட்டத்துக்கு நிரப்பியிருக்கிறார்களா என்பதை ஒரு சர்வேயரை வைத்து லெவல் எடுத்துப் பார். ஒருநாள் கூலிதான் செலவு. வரைபடத்தில் வாய்க்கால் இருந்தும் தரையில் இல்லாமல் போயிருந்தால் அந்த மனையே வேண்டாம்.

அடுத்து, பழைய சர்வே எண்ணுக்கு கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பார்க்கச் சொல். உட்பிரிவு ஆன பிறகு வந்த பட்டா போதாது. புறம்போக்கா, பட்டா நிலமா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதே. நன்செய் என்று இருந்தால் அந்த நிலம் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் இருந்திருக்கும்; மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக ஓடிவந்த இடம். மேலே எத்தனை லோடு கிராவல் கொட்டினாலும் சுற்றுவட்டாரத்தின் சரிவு மாறிவிடாது.

சென்னையின் 2015 டிசம்பர் வெள்ளம் என்றாலே எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சொல்வார்கள். அங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்தது உண்மை. ஆனால் அந்த உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். நீ பார்த்திருக்கும் மனை ஆற்றில் அதற்கும் மேல்பக்கம் இருக்கிறது. உங்கள் பக்கம் வந்த தண்ணீர் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்து வந்தது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அதனால், 'இப்போது செம்பரம்பாக்கத்தைக் கவனமாகத் திறக்கிறார்கள்' என்று தரகர் சொல்லும் ஆறுதல் உன் மனைக்குப் பொருந்தாது. 2021 நவம்பரிலும், 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் தண்ணீர் நின்றது. ஆற்றை அகலப்படுத்தியிருக்கிறார்கள், மூடுகால்வாய் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் சீக்கிரம் வடிய அவை உதவும். வராமலே தடுத்துவிடும் என்று நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போடாதே. இரண்டு தெரு தள்ளி பத்து வருஷமாகக் குடியிருக்கும் பெண்களிடம் போய்க் கேள். எந்தப் படி வரை வந்தது, எத்தனை நாள் நின்றது, கரன்ட் எப்போது வந்தது என்று சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் மனை தேறினால், வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது மாப்பிள்ளைக்கும் சேர்த்து. நாலடி நிரப்பி அதன்மேல் கட்டலாம் என்கிறார் உங்கள் மேஸ்திரி. சான்றில் சொன்ன மட்டத்துக்கு மேல் ஒரு சட்டி மண்கூடப் போடாதீர்கள். நீ உயர்த்துகிற ஒவ்வோர் அடியும் பக்கத்து வீட்டுக்குள் தண்ணீரைத் தள்ளும். அடுத்த வருஷம் அவர்கள் உன்னைவிட ஓரடி கூட்டுவார்கள். அந்தப் போட்டியில் தெருவே குளமாவதை நான் ஏரி, வாய்க்கால் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். கடைசியில் மூழ்குவது வீட்டை உயர்த்த வசதியில்லாத குடும்பம். தூண்மேல் வீட்டைத் தூக்கி, கீழே ஸ்டில்ட்டாகத் திறந்துவிடுங்கள். தண்ணீர் அடியில் போய்க்கொள்ளட்டும். சுயசான்றுத் திட்டத்தில் அதற்கு இடமில்லை என்று பொறியாளர் சொன்னால், வழக்கமான முறையில் விண்ணப்பியுங்கள். சில வாரம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகாது. மீட்டர் போர்டும் மோட்டார் சுவிட்சும் மேலே இருக்கட்டும். சம்ப்பின் வாயை உயர்த்திக் கட்டுங்கள். செப்டிக் டேங்க் குழாயில் கழிவு திரும்பி வராமல் இருக்க வால்வு வையுங்கள். காரை ஏற்ற வேண்டும் என்று வாசல் வடிகாலின்மேல் கான்கிரீட் போட்டு மூடாதீர்கள்.

விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதே. பக்கத்தில் ஓடை இருந்தால் தளவரைபடத்தில் ஓடையைக் காட்டச் சொல். 'காட்டினால் சிக்கல் மேடம்' என்று வரைபவர் சொன்னால் அவரை மாற்று.

முன்பணமாகக் கொடுத்த ஐம்பதாயிரம் போய்விடுமே என்று யோசிக்காதே, போனால் போகட்டும். நிபந்தனைப் பக்கங்களின் நகலையும் சர்வேயர் எடுத்த லெவலையும் எனக்கு அனுப்பு. அவை என் கைக்கு வரும்வரை கிரயத்துக்கு நாள் குறிக்க வேண்டாம்.

அன்புடன்,
பெரியப்பா