கல்லறைக்கு ஆசிட் வேண்டாம்

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய வாரமே வாளியும் மண்வெட்டியுமாகக் குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்து, பாசி ஏறிக் கறுத்துக் கிடக்கும் கல்லைப் பார்த்ததும், எப்படியாவது வெளுத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அந்த அவசரத்தில் கடையில் வாங்கிக்கொண்டு போகும் பொருள்கள்தான் பல கல்லறைகளைப் பாழாக்குகின்றன.

நம்பிக்கை: கழிப்பறை ஆசிட் ஊற்றினால் மார்பிள் பளிச்சென்று ஆகிவிடும்.

உண்மை: மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டதும் பொங்கும் நுரையைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைக்கிறோம்; கரைவது கல். என் பாட்டியின் கல்லறையில் நாங்களே இந்தத் தவற்றைச் செய்தோம். வருடா வருடம் ஊற்றியதில் மெருகு போய், கல்லின் மேல்பரப்பு சர்க்கரையைத் தொட்டதுபோல் நறநறவென்று ஆகிவிட்டது. பாட்டி இறந்த தேதியை இப்போது விரலால் தடவித்தான் படிக்கிறோம்.

நம்பிக்கை: எலுமிச்சையும் புளியும் இயற்கையானவை; கெடுதல் செய்யாது.

உண்மை: பித்தளையைத் துலக்கும் புளி மார்பிளுக்கு ஆகாது. எலுமிச்சை, புளி இரண்டிலும் இருப்பது அமிலம். மெருகை மெதுவாகத் தின்றுவிடும்.

நம்பிக்கை: பாசிக்கு ப்ளீச்சிங் பவுடர்தான் மருந்து.

உண்மை: பாசி அப்போதைக்கு வெளுக்கும். ஆனால் பவுடர் விட்டுச்செல்லும் உப்பு, கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். ஈரம் ஏறிக் காயும்போதெல்லாம் அந்த உப்பு படிகமாகி, கல்லை உள்ளிருந்தே உதிர்க்கும்.

நம்பிக்கை: கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் சுத்தமாகும்.

உண்மை: கம்பி கீறிய இடத்தில் அடுத்த மழைக்குப் பாசி இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். உடைந்து தங்கும் இரும்புத் துணுக்குகள் துருவேறிப் பழுப்புக் கறையாகும். கிரானைட் கெட்டியான கல்தான். ஆனால் எழுத்துகளில் பூசிய பெயின்ட் உரிந்துவிடும்.

நம்பிக்கை: பழைய சுண்ணாம்புக் கல்லறைக்குப் பெயின்ட் அடித்தால் உறுதி கூடும்.

உண்மை: செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விட வேண்டும். பிளாஸ்டிக் பெயின்ட் அதை அடைத்துவிடும். பூச்சு உப்பிப் பெயரும். சுண்ணாம்பே அடியுங்கள்.

அப்படியானால் எதை எடுத்துச் செல்வது? இரண்டு வாளி நல்ல தண்ணீர், மென்மையான நைலான் பிரஷ், எழுத்துகளின் இடுக்குக்குப் பழைய பல் பிரஷ், தடித்த பாசியைச் சுரண்ட மூங்கில் சிம்பு, துடைக்கப் பருத்தித் துணி. இவை போதும். உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம். முதலில் கல்லை நன்றாக நனைத்து ஊறவிடுங்கள். பிறகு கீழிருந்து மேலாகத் தேய்த்து, உடனுக்குடன் அலசுங்கள். அழுக்குநீர் வழிந்து கோடு விழாது. போன வருட மெழுகு ஒட்டியிருந்தால் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள். வெந்நீர் ஊற்றினால் மெழுகு உருகிக் கல்லுக்குள் இறங்கிவிடும். செதில் செதிலாக உதிரும் கல்லைத் தேய்க்கவே வேண்டாம்.

கறை கொஞ்சம் மிச்சமிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கல்லில் வெட்டிய பெயரும் தேதியும் போனால் திரும்ப வராது. இந்த நவம்பரில் ஆசிட் பாட்டிலை வாங்காமல் கிளம்புங்கள்.