நீராவி அட்டவணையைப் பயன்படுத்தும் முறை

அழுத்தமும் வெப்பநிலையும் மாறும்போது நீரின் பண்புகள் எளிய சமன்பாட்டுக்குள் அடங்காமல் மாறுவதால், கொதிகலன், சுழலி போன்றவற்றைக் கணக்கிடுவோர் நீராவி அட்டவணையை நாடுகின்றனர். அதைப் பிழையின்றிப் படிக்க, எண்ணைத் தேடும் முன்பே நீர் எந்நிலையில் உள்ளது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

1. முழு அழுத்தத்தைக் கணக்கிடுதல்: அழுத்தமானி வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட அளவை மட்டுமே காட்ட, அட்டவணையோ முழு அழுத்தத்தைக் கொண்டு அமைந்திருப்பதால், மானியில் 9 பார் தெரிந்தால் வளிமண்டலத்தின் ஏறத்தாழ 1 பாரையும் கூட்டி 10 பார் எனக் கொள்ள வேண்டும்.

2. நிலையை அறிதல்: 10 பாரில் நீர் கொதிக்கும் வெப்பநிலை, அதாவது தெவிட்டு வெப்பநிலை, சுமார் 180 டிகிரி செல்சியஸ் ஆகும். அளந்த வெப்பநிலை இதற்குக் குறைந்தால் அது திரவம். கூடினால் மீவெப்ப நீராவி. சமமானால் தெவிட்டிய நீராகவோ, நீராவியாகவோ, இரண்டும் கலந்த ஈர நீராவியாகவோ இருக்கலாம்.

3. ஈர நீராவி: இங்கு அழுத்தமும் வெப்பநிலையும் மட்டும் போதா; மொத்த நிறையில் ஆவியின் பங்கான உலர்வுப் பின்னமும் தெரிய வேண்டும். 10 பாரில் தெவிட்டிய நீரின் என்தால்பி, அதாவது அக ஆற்றலோடு அழுத்தம், பருமன் ஆகியவற்றின் பெருக்கல் சேர்ந்த அளவு, கிலோகிராமுக்கு 763 கிலோஜூல். ஆவியாதலுக்குரியது 2014 கிலோஜூல். உலர்வுப் பின்னம் 0.9 எனில், 2014-ஐ 0.9 ஆல் பெருக்கி 763-ஐக் கூட்ட, சுமார் 2576 கிலோஜூல் கிடைக்கும்.

4. மீவெப்ப நீராவி: 10 பாரில் கிலோகிராமுக்குரிய என்தால்பி 200 டிகிரிக்கு 2828 கிலோஜூல், 250 டிகிரிக்கு 2943 கிலோஜூல் என்றிருக்க, 220 டிகிரிக்குரிய மதிப்பு தேவையானால், இடைவெளியான 115-இல் ஐந்தில் இரண்டு பங்கான 46-ஐ 2828-உடன் கூட்டி 2874 எனப் பெறலாம். இதுவே இடைச்செருகல்.

5. திரவ நீர்: மிக உயர்ந்த அழுத்தம் அல்லாதபோது, அதே அழுத்தத்துக்குரிய வரியை விடுத்து, அதே வெப்பநிலைக்குரிய தெவிட்டிய நீரின் மதிப்பைக் கொள்வது போதுமான துல்லியம் தரும்.

அட்டவணைகளில் பொதுவாக 0.01 டிகிரியில் உள்ள தெவிட்டிய நீரின் அக ஆற்றலே சுழியாகக் கொள்ளப்படுவதால், எல்லா எண்களும் அதிலிருந்து அளந்த வேறுபாடுகளே. எனவே ஒரு கணக்கின் தொடக்க மதிப்பையும் இறுதி மதிப்பையும் ஒரே அட்டவணையிலிருந்தே எடுக்க வேண்டும்.