மின்தொகுப்புக்கு ஒரு பொதுமொழி

நாட்டின் பொருளாதார முன்னேற்றத்தில் மின்சாரம் வகிக்கும் இடத்தை யாரும் அறிவர். ஆனால் மின்சாரத்தைப் போலவே மற்றொன்றும் கம்பிகளின் வழியே இடையறாது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதுதான் தகவல். நெல்லைக் களஞ்சியத்தில் வைப்பது போல மின்சாரத்தைப் பேரளவில் சேமித்து வைக்க இயலாது. உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு விநாடியும் ஒத்திருக்க வேண்டும். எந்த இயந்திரம் ஓடுகிறது, எந்தத் தடம் பழுதுபட்டுள்ளது, எங்கே எவ்வளவு மின்பளு ஏறியுள்ளது என்னும் செய்திகள் உரிய நேரத்தில், உரிய இடத்துக்கு, உரிய பொருளோடு சென்று சேர்ந்தாலன்றி இச்சமநிலையைக் காக்க முடியாது.

‘உரிய பொருளோடு’ என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து. செய்தியை அனுப்புவது ஒரு வேலை. அனுப்புபவரும் பெறுபவரும் அதை ஒன்று போலவே புரிந்துகொள்வது வேறொரு வேலை. முதல் வேலையைத் தொலைத்தொடர்புப் பொறியியல் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. இரண்டாவது வேலைக்காக உருவானவையே தகவல் மாதிரிகளும் தரவுப் பரிமாற்றத் தரநிலைகளும்.

பெங்களூரின் பொறுப்பு

இப்பொருளைப் பயில விரும்பும் மாணவருக்குப் பெங்களூரு ஏற்ற ஊர். தென் மண்டல மின்பளுப் பகிர்வு மையம் இங்குதான் இயங்குகிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவற்றின் மின் இயக்கம் இங்கு ஒருங்கிணைக்கப்படுகிறது. கர்நாடக மாநிலத்தின் மின்பளுப் பகிர்வு மையமும் இதே நகரில் உள்ளது. 1960-இல் தொடங்கப்பெற்று 1978-இல் தன்னாட்சி பெற்ற மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகமும் பெங்களூரிலேயே அமைந்துள்ளது. மின்கருவிகள் தரநிலைகளுக்கு உட்பட்டு இயங்குகின்றனவா என்று சோதித்துச் சான்றளிப்பது இந்நிறுவனத்தின் முக்கியப் பணிகளுள் ஒன்று.

தென் மண்டலம் நெடுங்காலம் தனித் தீவாகவே இருந்து வந்தது. தால்ச்சர்–கோலார் போன்ற உயர் அழுத்த நேர்மின் தடங்கள் பிற மண்டலங்களுடன் அதை இணைத்தனவெனினும், அலைவெண் தனித்தே இருந்தது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தென் மண்டலம் நாட்டின் ஏனைய பகுதியுடன் ஒத்தியங்கத் தொடங்கியது. அன்று முதல் நாடு முழுவதும் ஒரே அலைவெண். ஓரிடத்து இடர் மற்றோர் இடத்தைத் தொடும் வாய்ப்பும் அன்று முதல் பெருகியது. இயற்பியல் அளவில் ஒன்றான இத்தொகுப்பு, தகவல் அளவில் இன்னும் முழுமையாக ஒன்றாகவில்லை.

ஒரே தடம், பல பெயர்கள்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கோலாரிலுள்ள மத்திய நிறுவனத்தின் துணை மின்நிலையத்தையும், பெங்களூரு ஹூடியிலுள்ள மாநில நிறுவனத்தின் துணை மின்நிலையத்தையும் 400 கிலோவோல்ட் தடங்கள் இணைக்கின்றன. துணை மின்நிலையங்களில் ஒரு தடத்தை அதன் மறுமுனையின் பெயரால் அழைப்பது பொது வழக்கம். அவ்வழக்கின்படி ஹூடியில் ‘கோலார்’ என்று வழங்குவது கோலாரில் ‘ஹூடி’ என்று வழங்கும். இரண்டும் ஒரே கம்பிதான்.

இது அங்குள்ள ஊழியருக்குக் குழப்பம் தராது. ஆனால் கணிப்பொறிக்குத் தரும். அதே தடம் காப்புக்கருவிப் பொறியாளரின் பட்டியலில் ஓர் எண்ணாகவும், திட்டமிடல் பிரிவின் கணக்கீட்டில் இரு முனைகளுக்கிடைப்பட்ட மின்தடை மதிப்பாகவும், கணக்குப் பிரிவின் ஏட்டில் ஒரு சொத்தாகவும் பதிவாகியிருக்கும். ஒரு பிரிவின் தகவலை மற்றொரு பிரிவு பயன்படுத்த வேண்டுமாயின் யாரேனும் உட்கார்ந்து பெயர்களைப் பொருத்த வேண்டும். தடத்தை வெட்டி நடுவே புதிய துணை மின்நிலையம் ஒன்றை அமைத்தால், பொருத்தும் பணியை மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும்.

1950-களில் நமது நாட்டின் சந்தைகள் இருந்த நிலை இத்தகையதே. படியும் மரக்காலும், வீசையும் சேரும் ஊருக்கு ஊர் மாறின. 1956-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் முறை படிப்படியாக வந்தது. அதனால் அரிசியின் தன்மை மாறவில்லை. அரிசியைப் பற்றிப் பேசும் மொழி மாறியது. ஓர் ஊர் வணிகர் எழுதிய கணக்கை மற்றோர் ஊர் வணிகர் ஐயமின்றிப் படிக்க முடிந்தது.

தவறான படம் விளைவித்த கேடு

கட்டுப்பாட்டு மையத்திலுள்ள கணிப்பொறி, களத்திலிருந்து வரும் அளவீடுகளைக் கொண்டு மின்தொகுப்பின் அப்போதைய படத்தை வரைகிறது. இதற்கு ‘நிலை மதிப்பீடு’ என்று பெயர். படம் பிழையானால் முடிவும் பிழையாகும்.

2003 ஆகஸ்ட் 14-இல் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவின் ஒரு பகுதியிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இருளில் மூழ்கினர். மரக்கிளைகள் தடங்களைத் தொட்டதும், ஒரு நிறுவனத்தின் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்ததும் முதன்மைக் காரணங்கள். ஆயினும் விசாரணையில் மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. மண்டலத்தைக் கண்காணித்து வந்த மையத்தின் நிலை மதிப்பீடு அன்று நண்பகல் முதல் சரிவர இயங்கவில்லை. துண்டிக்கப்பட்ட தடம் ஒன்றின் நிலை, கணிப்பொறி மாதிரியுடன் தானாக இணையும்படி அமைக்கப்படாமல் இருந்தது. அதைத் திருத்திய பின்னர், அண்டை நிறுவனத்துக்குரிய 345 கிலோவோல்ட் தடம் ஒன்று துண்டிக்கப்பட்டதை மாதிரி அறியவில்லை. அத்தடம் வேறொரு மையத்தின் கண்காணிப்பில் இருந்தது. களத்தில் இல்லாத தடம் திரையில் இருந்தது.

நமது நாட்டில் 2012 ஜூலை 30-இல் வட மண்டலமும், மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலங்களும் வீழ்ந்தன. நேர்மின் இணைப்புகள் மட்டுமே இருந்தமையால் தென் மண்டலம் தப்பியது. அந்தப் பாதுகாப்பு இன்று அதே அளவில் இல்லை. ஆகவே மண்டலங்களுக்கிடையே ஐயமற்ற தகவல் பரிமாற்றம் பொது நலன் சார்ந்த தேவையாகிறது.

பொதுத் தகவல் மாதிரி

1990-களில் அமெரிக்க மின் ஆராய்ச்சிக் கழகம், கட்டுப்பாட்டு மையங்களின் மென்பொருள்கள் ஒன்றோடொன்று உரையாட ஒரு பொது அடிப்படையை வகுக்க முனைந்தது. அதிலிருந்து பிறந்ததே ‘பொதுத் தகவல் மாதிரி’. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் இதனை ஐ.இ.சி. 61970 என்னும் தரநிலைத் தொகுதியாக ஏற்றது. மின்பகிர்மானத்துக்கு 61968 தொகுதியும், மின்சந்தைக்கு 62325 தொகுதியும் இதே அடித்தளத்தின்மீது எழுந்தன.

இம்மாதிரியின் உட்கருத்து எளியது. முதலாவதாக, மின்தொகுப்பிலுள்ள பொருள்கள் அனைத்தும் வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன: துணை மின்நிலையம், மின்மாற்றி, தடப்பகுதி, மின்சுற்று முறிப்பான் என்றவாறு. ஒவ்வொரு வகைக்கும் உரிய பண்புகளும் அவற்றின் அலகுகளும் வரையறுக்கப்படுகின்றன. இரண்டாவதாக, பொருள்களுக்கிடையேயுள்ள உறவுகள் வரையறுக்கப்படுகின்றன. ஒவ்வொரு கருவிக்கும் ‘முனையங்கள்’ உண்டு. முனையங்கள் ‘இணைப்புப் புள்ளி’களில் சந்திக்கின்றன. எது எதனோடு இணைந்துள்ளது என்பதை இவ்விரண்டைக் கொண்டே கணிப்பொறி அறிந்துகொள்ளும். மூன்றாவதாக, ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத தனி அடையாளக் குறி ஒன்று வழங்கப்படுகிறது. ஹூடியில் எப்பெயரும் கோலாரில் எப்பெயரும் வழங்கலாம். அடையாளக் குறி ஒன்றே.

இதனால் விளையும் சிக்கனத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மின்வாரியத்தில் 10 மென்பொருள் அமைப்புகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் நேரடியாகப் பேச வேண்டுமாயின் 45 இணைப்புகள் தேவை. அனைத்தும் ஒரு பொதுமொழியில் பேசுமாயின் 10 இணைப்புகளே போதும். பதினோராவது அமைப்பு வரும்போது முதல் முறையில் மேலும் 10 இணைப்புகள் வேண்டும். இரண்டாவது முறையில் ஒன்றே போதும். ஐரோப்பிய நாடுகளின் மின்செலுத்துகை நிறுவனங்கள் தம் மின்தொகுப்பு மாதிரிகளை இவ்வடிவிலேயே பரிமாறிக்கொள்கின்றன.

துணை மின்நிலையத்தின் உள்ளே

கட்டுப்பாட்டு மையத்துக்குரிய மொழி அது. துணை மின்நிலையத்தினுள் ரிலேக்களும் அளவுக் கருவிகளும் பேசுவதற்கு ஐ.இ.சி. 61850 என்னும் தரநிலை 2002 முதல் பகுதி பகுதியாக வெளியிடப்பட்டது. பழைய முறையில் ஒரு கருவியின் செய்தி வெறும் எண்ணாக வரும்: ‘37-ஆம் புள்ளி, மதிப்பு 1’. முப்பத்தேழாம் புள்ளி எதைக் குறிக்கிறது என்பது தனியொரு பட்டியலில் இருக்கும். பட்டியல் தொலைந்தால் பொருளும் தொலையும். புதிய முறையில் செய்தியே தன்னை விளக்குகிறது. மின்சுற்று முறிப்பானைக் குறிக்கும் தருக்கக் கணுவுக்கு உலகெங்கும் ‘எக்ஸ்.சி.பி.ஆர்.’ என்பதே பெயர். அதனுள் நிலையைக் குறிக்கும் பகுதிக்கும் நிலையான பெயர் உண்டு. கருவியைச் செய்தவர் யாராயினும் இது மாறாது. நிலையத்தின் முழு அமைப்பையும் ஒரு கோப்பில் எழுதிவைக்கும் விவரிப்பு மொழியும் இத்தரநிலையில் அடங்கும்.

மின்மானியின் மொழி

நுகர்வோரின் வாசல்வரை வந்தால் மின்மானி நிற்கிறது. முன்னர் மின்மானி உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தத்தம் சொந்த நெறிமுறையைப் பின்பற்றினர். ஒருவரின் மின்மானியைப் படிக்க அவருடைய மென்பொருளே வேண்டும். ஒருமுறை வாங்கிய வாரியம் அந்நிறுவனத்தையே தொடர்ந்து சார்ந்திருக்க நேர்ந்தது.

பன்னாட்டளவில் ஐ.இ.சி. 62056 தரநிலை இதற்கு விடையளித்தது. இதில் ஒவ்வோர் அளவுக்கும் ஆறு பகுதிகள் கொண்ட குறியெண் உண்டு. எடுத்துக்காட்டாக, 1.0.1.8.0.255 என்பது இதுவரை பெற்ற மொத்த மின்னாற்றலைக் குறிக்கும். முதல் 1, மின்சாரம் என்பதையும், மூன்றாவதான 1, பெறப்படும் திறன் என்பதையும், 8, காலத்தோடு கூட்டப்பட்ட மொத்தம் என்பதையும் உணர்த்தும். இத்தரநிலை மிக விரிவானது. அதிலிருந்து நமது நாட்டுக்கு வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்து இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2011-இல் ஐ.எஸ். 15959-ஐ வெளியிட்டது. திறன்மிகு மின்மானிகளுக்கான இரண்டாம் பகுதி 2016-இல் வந்தது.

இதன் அளவை எண்ணிப் பார்க்க வேண்டும். 2021-இல் மத்திய அரசு ஏற்ற மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தில் 25 கோடி முன்கட்டண மின்மானிகள் இலக்காகக் கொள்ளப்பட்டன. அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் பதிந்தால் நாளொன்றுக்கு 1,200 கோடிப் பதிவுகள் சேரும். பொருள் வரையறுக்கப்படாத 1,200 கோடி எண்களால் எவருக்கும் பயனில்லை.

தரநிலை தீர்க்காத சிக்கல்கள்

தரநிலையை ஏற்றவுடன் எல்லாம் சீராகிவிடும் என எண்ணுதல் பொருந்தாது. தரநிலைகளில் கட்டாயப் பகுதிகளும் விருப்பப் பகுதிகளும் உண்டு. இருவர் வெவ்வேறு விருப்பப் பகுதிகளைத் தெரிந்தெடுத்தால், இருவரும் தரநிலைக்கு உட்பட்டவர்களாயினும் ஒருவரோடொருவர் பேச இயலாமற் போகலாம். எனவே எந்தப் பகுதிகளை நாம் பயன்படுத்துகிறோம் என்னும் நாட்டளவிலான வரையறையும், அதன்படி சோதித்தலும் தேவை. ஐ.எஸ். 15959 மின்மானிக்குச் செய்ததை, ஏனைய பகுதிகளுக்கும் செய்தல் வேண்டும்.

மேலும், மாதிரி என்பது வடிவம் மட்டுமே. உள்ளடக்கம் களத்திலிருந்து வர வேண்டும். எந்த மின்மாற்றியிலிருந்து எந்த வீட்டுக்கு இணைப்புச் செல்கிறது என்னும் பதிவு பிழையாக இருந்தால், மிகச் சிறந்த மாதிரியும் பிழையையே சீராக எடுத்துரைக்கும். கம்பத்தில் ஏறி இணைப்பை மாற்றும் ஊழியர் அம்மாற்றத்தை அன்றே பதிவேற்ற வழியும் பயிற்சியும் இருத்தல் இன்றியமையாதது.

எல்லோருக்கும் புரியும் மொழி, தீய எண்ணமுடையோருக்கும் புரியும். ஆகவே ஐ.இ.சி. 62351 போன்ற பாதுகாப்புத் தரநிலைகளை உடன் கடைப்பிடிக்க வேண்டும். அரை மணி நேரப் பதிவுகள், ஒரு வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தையும் இல்லாத நேரத்தையும் காட்டிக் கொடுக்கக் கூடியவை என்பதையும் மறத்தலாகாது.

செய்யத்தக்கன

கர்நாடகத்தின் பாவகடாவில் 2,050 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்பூங்கா இயங்குகிறது. மேகக்கூட்டம் ஒன்று கடந்து செல்லும்போது அதன் உற்பத்தி நிமிடங்களில் மாறும். நாளை 96 பகுதிகளாகப் பிரித்து, 15 நிமிடங்களுக்கு ஒன்றாக உற்பத்தியையும் நுகர்வையும் அட்டவணையிடும் முறையில், இம்மாற்றத்தை முன்கூட்டி அறிவது மாநில மையத்துக்கும் மண்டல மையத்துக்கும் பொதுவான கவலை. கதிரவனையும் காற்றையும் நம்பும் அளவு கூடக்கூட, தகவலின் துல்லியத்தை நம்ப வேண்டிய அளவும் கூடும்.

எனவே அலுவலர்கள் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே, தரவு எந்தத் தரநிலையின் எந்தப் பகுதியில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதையும், அத்தரவு வாரியத்துக்கே உரியது என்பதையும் தெளிவாக எழுதுதல் முதலாவது. மின்கருவிகளுக்கு அடையாளக் குறி வழங்கும் பொறுப்பை ஓர் அலுவலகத்திடம் ஒப்படைத்து, மத்திய, மாநில நிறுவனங்கள் அனைத்தும் அதையே பின்பற்றச் செய்தல் இரண்டாவது. பொறியியல் கல்லூரிகளில் மின்தொகுப்புப் பாடத்துடன் தகவல் மாதிரியையும் பயிற்றுவித்தல் மூன்றாவது. இம்மூன்றில் எதற்கும் புதிய இயந்திரம் வாங்க வேண்டியதில்லை.

மின்தடங்களைப் பொதுப் பணத்தில் அமைக்கிறோம். அவற்றைப் பற்றிய அறிவும் பொதுச் சொத்தே. அவ்வறிவு ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் பூட்டப்படாமலும், ஓர் அலுவலகத்தின் பட்டியலோடு தொலையாமலும் காக்கப்படுமாயின், பெங்களூரிலிருந்து ஒரு பொறியாளர் திரையில் காணும் படமும் நாட்டின் களத்திலுள்ள உண்மையும் ஒன்றாகவே இருக்கும்.