200 டாலர் கன்ட்ரோலர்: எதை மாத்தலாம், எது தேயும்?

கேம் கன்ட்ரோலர் வாங்கப் போற யாரும் முதல்ல கேக்குறது, "பின்னாடி எத்தனை பேடில் இருக்கு? ட்ரிக்கர் லாக் இருக்கா? ஸ்டிக்கைக் கழட்டி மாத்தலாமா?" இதைத்தான். விளம்பரமும் அதையேதான் சொல்லும். உன் கைக்கு ஏத்த மாதிரி நீயே மாத்திக்கோ என்பதுதான் பிரீமியம் கன்ட்ரோலரோட மொத்த விற்பனைப் பேச்சு. அந்த வசதிகள் எல்லாம் நிஜமாவே வேலை செய்யும், ஏன்னு கீழே பார்ப்போம். ஆனா காசு கொடுக்கும் முன்னாடி இன்னொரு கேள்வியும் கேக்கணும்: ஸ்டிக்குக்கு அடியில என்ன சென்சார் இருக்கு?

உதாரணத்துக்கு ரெண்டு கன்ட்ரோலரை எடுத்துக்கலாம். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் எலைட் சீரிஸ் 2, 2019 நவம்பரில் 180 டாலருக்கு வந்தது. சோனியின் டூயல்சென்ஸ் எட்ஜ், 2023 ஜனவரியில் 200 டாலருக்கு வந்தது. அதே கம்பெனிகளோட சாதாரண கன்ட்ரோலர் அப்போ 60, 70 டாலர்தான். அதாவது சுமார் மூணு மடங்கு விலை. அந்த மூணு மடங்கு எதுக்குப் போகுது?

முதல்ல பேடில். கன்ட்ரோலரைப் பிடிச்சிருக்கும்போது உங்க வலது கட்டைவிரலுக்கு எத்தனை வேலைன்னு எண்ணிப் பாருங்க. வலது ஸ்டிக்கைத் திருப்பி கேமராவைக் காட்டணும். அதே விரல்தான் 'ஏ', 'பி', 'எக்ஸ்', 'ஒய்' நாலு பட்டனையும் அழுத்தணும். ஷூட்டர் கேம்ல குதிக்கணும்னா கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு 'ஏ' பட்டனுக்குப் போகணும். அந்த நேரம் முழுக்க குறி பார்க்க ஆள் இல்லை. இதுக்காகவே சிலர் ஆள்காட்டி விரலை மேல வளைச்சு பட்டனை அழுத்துவாங்க, அதுக்கு க்ளா க்ரிப்னு பேர். பார்க்க நண்டு பிடிச்ச மாதிரி இருக்கும், ஒரு மணி நேரத்துல விரல் மூட்டு வலிக்கும். ஆனா நடுவிரலும் மோதிர விரலும் பின்னாடி சும்மா பிடிச்சுக்கிட்டு மட்டும் இருக்கு. பேடில் என்பது அந்தச் சும்மா இருக்கிற விரல்களுக்கு வேலை கொடுக்கிறதுதான். எலைட்ல நாலு பேடில், எட்ஜ்ல ரெண்டு.

இதுல நிறைய பேருக்கு ஒரு குழப்பம் உண்டு. கன்சோலில் பேடில் ஒரு புது பட்டன் கிடையாது. நீங்க பேடிலை 'ஏ'வுக்கு செட் பண்ணினா, கேமுக்குப் போறது அதே 'ஏ' சிக்னல். எந்த விரல் அழுத்துச்சுன்னு கேமுக்குத் தெரியாது. நாலு பேடில் இருக்குன்னா நாலு ஆக்‌ஷன் கூடுதலா கிடைக்கும்னு நினைச்சு வாங்காதீங்க. இருக்கிற ஆக்‌ஷனை வேற விரலுக்கு மாத்தலாம், அவ்வளவுதான். ஆனா அந்த "அவ்வளவுதான்" ஷூட்டர் ஆடுறவங்களுக்குப் பெரிய விஷயம்.

(ஒரு குட்டி சைடு கதை. இந்தப் பேடிலைப் பிரபலப்படுத்தியது ஸ்கஃப் என்ற கம்பெனி. மைக்ரோசாஃப்ட் அவங்ககிட்ட பேட்டன்ட் லைசென்ஸ் வாங்கித்தான் எலைட்டை வெளியிட்டது. லைசென்ஸ் வாங்காத வால்வ், ஸ்டீம் கன்ட்ரோலரோட பின்பக்க பட்டனுக்காக கோர்ட் வரை போய், 2021ல் சுமார் 40 லட்சம் டாலர் கொடுக்கணும்னு ஜூரி தீர்ப்பு வாங்கியது. ஐபிஆர் எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு நல்ல கேஸ் ஸ்டடி.)

அடுத்து ஸ்டிக் உயரம். இது சுத்தமான முதல் வருஷ மெக்கானிக்ஸ். ஸ்டிக் ஒரு லீவர். அது எவ்வளவு கோணம் சாயுதுன்னுதான் சென்சார் பார்க்கும். ஆனா உங்க விரல் நகரும் தூரம், நீளத்தைக் கோணத்தால் பெருக்கினா வர்ற வில்லின் நீளம். ஸ்டிக்கை 1.3 மடங்கு உயரமாக்கினா, அதே கோணத்துக்கு விரல் 1.3 மடங்கு தூரம் நகரணும். அதனால சின்னச் சின்ன அசைவைக் கன்ட்ரோல் பண்றது சுலபம். ஸ்னைப்பர் ஆடுறவங்க உயர ஸ்டிக்கை விரும்புறதுக்குக் காரணம் இதுதான். ஆனா லீவர் நீளமானா தேவைப்படுற விசை குறையும். ஸ்டிக் தொளதொளன்னு தோணும். அதைச் சரிக்கட்டத்தான் எலைட் சீரிஸ் 2ல ஸ்டிக் டென்ஷனை மூணு நிலையில் டைட் பண்ண வழி வெச்சிருக்காங்க. உயரத்தையும் டென்ஷனையும் சேர்த்து மாத்தினாத்தான் பலன். ஒண்ணை மட்டும் மாத்திட்டு "ஒண்ணும் தெரியலையே" என்பவங்கதான் அதிகம்.

ட்ரிக்கர் லாக் பத்தி நீளமா சொல்ல ஒண்ணுமில்ல. ரேசிங் கேம்ல ஆக்ஸிலரேட்டரை அளந்து மிதிக்க ட்ரிக்கரோட முழு ஓட்டமும் வேணும். துப்பாக்கிக்கு அது தேவையில்ல, சுட்டாச்சா இல்லையா என்ற ஒரே விஷயம்தான். லாக் போட்டா விரல் நகர வேண்டிய தூரம் குறையும்.

இப்போ சாஃப்ட்வேர் பக்கம் வருவோம். இங்கதான் ஒரு அருமையான கணக்கு இருக்கு, இது புரிஞ்சாத்தான் ட்ரிஃப்ட் புரியும்.

விண்டோஸ் கேம்கள் பல வருஷமா பயன்படுத்துற எக்ஸ்இன்புட் லைப்ரரியில், ஸ்டிக்கின் ஒவ்வொரு அச்சுக்கும் -32768ல இருந்து 32767 வரை ஒரு எண் வரும். கையை எடுத்துட்டா 0 வரணும். ஆனா எந்த ஸ்பிரிங்கும் ஸ்டிக்கை அச்சு அசலா நடுவுல கொண்டுவந்து நிறுத்தாது. 400, -900 மாதிரி ஏதோ ஒண்ணு நிற்கும். அதை அப்படியே எடுத்தா உங்க ஹீரோ தானா நடக்க ஆரம்பிச்சுடுவார். அதுக்குத்தான் டெட் ஸோன்: நடுவுல ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ள எது வந்தாலும் 0ன்னு வெச்சுக்கோ என்று சொல்றது. எக்ஸ்இன்புட்டில் இதுக்கு மைக்ரோசாஃப்டே எண் கொடுத்திருக்கு: இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689. சதவீதத்தில் பாருங்க, சுமார் 24 மற்றும் 26.5. ஸ்டிக்கோட ஓட்டத்தில் கால்வாசியைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்னு லைப்ரரி எழுதினவங்களே சொல்றாங்க!

அந்த வட்டத்தைத் தாண்டின உடனே 0.24ன்னு கொடுத்தா கேமரா திடீர்னு குதிக்கும். அதனால நல்ல கேம்கள் மீதி ஓட்டத்தை இழுத்து 0 முதல் 1 வரை பரப்பும். ஸ்டிக் பாதி தூரம், அதாவது 0.5ல இருக்குன்னா: 0.5ல 0.24 கழிச்சா 0.26, அதை 0.76ஆல் வகுத்தா சுமார் 0.34. பாதி தள்ளினா மூணில் ஒரு பங்கு வேகம்தான் கிடைக்குது. பிரீமியம் கன்ட்ரோலர் ஆப்பில் டெட் ஸோனைக் குறைக்க வழி கொடுக்கிறது இதுக்காகத்தான். 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தா அதே 0.5 தள்ளலுக்கு 0.47 வரும். கை சொன்னது உடனே திரையில் தெரியும்.

ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. ஸ்டிக் நடுநிலையில் 3000ன்னு காட்டுதுன்னு வைங்க, அதாவது 9 சதவீதம். 24 சதவீத டெட் ஸோனில் இது உங்களுக்குத் தெரியவே தெரியாது. 5 சதவீதம் வெச்சிருந்தா குறி தானா ஒரு பக்கம் நகர்ந்துக்கிட்டே இருக்கும். அதாவது டியூனிங்குக்குன்னு கூடுதல் காசு கொடுத்து வாங்குறவங்களுக்குத்தான் சென்சார் தேய்மானம் முதல்ல கண்ணுக்குப் படும். சாதாரண கன்ட்ரோலர் வெச்சிருக்கிற நண்பன் அதே தேய்மானத்தோட நிம்மதியா ஆடிக்கிட்டு இருப்பான்.

சரி, என்ன தேயுது? நம்ம மைக்ரோகன்ட்ரோலர் லேப்ல ஆர்டுயினோ கூட வர்ற ஜாய்ஸ்டிக் மாடியூலைப் பார்த்திருப்பீங்க, நூறு ரூபாய் அளவில் கிடைக்கிறது. ரெண்டு பொட்டென்ஷியோமீட்டர், அழுத்தினா ஒரு ஸ்விட்ச். ஸ்டிக்கை ஆட்டினா கார்பன் பூச்சு மேல ஒரு உலோக வைப்பர் உரசிக்கிட்டு நகரும், மின்தடை மாறும், ஏடிசி அதைப் படிக்கும். 10 பிட் ஏடிசியில் நடுவுல 512 வரணும், ஆனா சீரியல் மானிட்டர்ல வேற எண்தான் வரும், ரெக்கார்ட் நோட்டுல மட்டும் 512. எலைட் சீரிஸ் 2க்கும், 200 டாலர் டூயல்சென்ஸ் எட்ஜுக்கும் உள்ளே இருக்கிறதும் தத்துவத்தில் இதேதான். தரம் நிச்சயமா மேல், ஆனா உரசல் உரசல்தான்.

இந்த வகை மாடியூலுக்கு டேட்டாஷீட்டில் ஆயுள் சுமார் 20 லட்சம் சுழற்சின்னு போட்டிருப்பாங்க. பெரிய எண் மாதிரி தெரியுது. வேகமான ஷூட்டரில் நிமிஷத்துக்கு 100 அசைவுன்னு வெச்சுக்கிட்டா 20,000 நிமிஷம், அதாவது 333 மணி நேரம். தினமும் ரெண்டு மணி நேரம் ஆடினா அஞ்சரை மாசம். அன்னைக்கே செத்துடும்னு அர்த்தம் இல்ல, உற்பத்தியாளர் உறுதி சொல்றது அதுவரைதான்னு அர்த்தம். எலைட் சீரிஸ் 2 வந்தப்போ அதுக்கு 90 நாள் வாரன்டிதான் இருந்தது. புகார்கள் குவிஞ்ச பிறகு 2020 அக்டோபரில் ஒரு வருஷமா நீட்டினாங்க.

உரசலே இல்லாம அளக்க முடியாதா? முடியும், அதுக்கான விடையை நாம எல்லாரும் முதல் வருஷ பிசிக்ஸ் பேப்பரில் 13 மார்க்குக்கு டெரைவ் பண்ணி எழுதியாச்சு. 1879ல் எட்வின் ஹால் கண்டுபிடிச்ச ஹால் எஃபெக்ட். மின்னோட்டம் போற ஒரு தகட்டுக்குக் குறுக்கே காந்தப்புலம் வெச்சா, ரெண்டுக்கும் செங்குத்தான திசையில் ஒரு மின்னழுத்தம் வரும். ஸ்டிக்கின் அடியில் ஒரு சின்ன காந்தம், போர்டுல ஒரு சென்சார். ஸ்டிக் சாயும்போது காந்தப்புலம் மாறும், மின்னழுத்தம் மாறும். ஒண்ணை ஒண்ணு தொடாததால கார்பன் தேயுற பேச்சே இல்லை.

புது டெக்னாலஜின்னு நினைக்காதீங்க. 1998ல் ஜப்பானில் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலர் ஸ்டிக்கிலேயே ஹால் சென்சார் இருந்தது. இன்னும் வேடிக்கை, எக்ஸ்பாக்ஸ் ஒன் காலத்தில் இருந்து மைக்ரோசாஃப்ட் கன்ட்ரோலர்களில் ட்ரிக்கர் ஹால் சென்சார்தான். ஒரே கன்ட்ரோலரில், ட்ரிக்கர் தொடாம அளக்குது, அதைவிட அதிகமா ஆடுற ஸ்டிக் உரசி அளக்குது. காரணம் இல்லாம இல்ல. பொட்டென்ஷியோமீட்டர் மாடியூல் மலிவு, கரன்ட் கம்மியா எடுக்கும், கோடிக்கணக்கில் சப்ளை கிடைக்கும். ஹால் சென்சார் பேட்டரியைக் கொஞ்சம் கூட சாப்பிடும். இப்போ வர்ற டிஎம்ஆர் சென்சார் அந்தக் குறையையும் ஓரளவு தீர்க்குது. இருந்தாலும் 60 டாலர் பொருளுக்குச் சொல்ற காரணத்தை 200 டாலர் பொருளுக்கும் சொன்னா ஏத்துக்க கஷ்டமா இருக்கு. 2023ல் வந்த கேம்சர் ஜி7 எஸ்இ, எக்ஸ்பாக்ஸ் லைசென்ஸ் உள்ள வயர்டு கன்ட்ரோலர், விலை 45 டாலர். ஸ்டிக்குக்கு ஹால் சென்சார், பின்னாடி ரெண்டு பட்டன். வயர்லெஸ் இல்ல, மாத்துற ஸ்டிக் டென்ஷன் இல்ல, கையில பிடிச்சா எலைட்டோட கனம் இல்ல. ஆனா தேயற பாகம் தேயாது.

அதுக்காக பாக்ஸ்ல 'ட்ரிஃப்டே வராது'ன்னு போட்டிருந்தா அப்படியே நம்பவும் வேண்டாம். ஹால் ஸ்டிக்கிலும் நடுவுக்கு இழுக்கிறது ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் தளர்ந்தா நடுநிலை மாறும். சென்சார் அதை ரொம்பத் துல்லியமாக் காட்டிக் கொடுக்கும்.

சோனி வேற வழியில் போயிருக்கு, அது எனக்குப் பிடிச்சிருக்கு. எட்ஜ்ல ஸ்டிக் மாடியூலை முழுசா வெளியே இழுத்து மாத்திக்கலாம், சாலிடரிங் தேவையில்ல, புது மாடியூல் 20 டாலர். தேயும்னு ஒத்துக்கிட்டு, தேய்ஞ்சா மாத்த வழி வெச்சிருக்காங்க. எலைட்ல ஸ்டிக் மேல இருக்கிற தொப்பியைக் கழட்டலாம், சென்சாரைக் கழட்டணும்னா சாலிடரிங் அயர்ன் எடுத்தாகணும். ஆனா எட்ஜோட பேட்டரி 1050 எம்ஏஎச், சாதாரண டூயல்சென்ஸில் 1560. விலை ஏறுச்சு, பேட்டரி இறங்குச்சு. எலைட்டோ ஒரு சார்ஜுக்கு 40 மணி நேரம் வரைன்னு சொல்றாங்க. ஒண்ணுல இருக்கிறது இன்னொண்ணுல இல்ல.

புதுசா வாங்கினாலும், பாஸ் அவுட் ஆகுற சீனியர்கிட்ட பாதி விலைக்கு வாங்கினாலும், காசு கொடுக்கும் முன்னாடி அஞ்சு நிமிஷம் இதைச் செய்யுங்க. லேப்டாப்பில் யூஎஸ்பியில் மாட்டி, பிரவுசரில் 'கேம்பேட் டெஸ்டர்'னு தேடினா அச்சு அளவுகளை எண்ணா காட்டும் பக்கங்கள் வரும். கையை எடுத்துட்டு ரெண்டு ஸ்டிக்கோட எண்ணையும் குறிச்சுக்கோங்க. அப்புறம் நாலு திசையிலும் பத்து தடவை தள்ளி டக்குனு விடுங்க, ஒவ்வொரு தடவையும் எண் எங்க வந்து நிக்குதுன்னு பாருங்க. எப்பவும் ஒரே எண்ணில், சும்மா 0.03 தள்ளி நின்னா பயமில்ல, கேலிப்ரேஷனோ டெட் ஸோனோ பார்த்துக்கும். விட்ட திசையைப் பொறுத்து வேற வேற எண்ணில் நின்னா ஸ்பிரிங் தளர்ந்திருக்கு. கடைசியா ஸ்டிக்கை ரொம்ப மெதுவா ஒரு ஓரம் வரை தள்ளுங்க. எண் சீரா ஏறாம நடுவுல குதிச்சா கார்பன் தேய்ஞ்சாச்சு, சீனியர் எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க. புதுசுன்னா அன்னைக்கு வந்த எண்களை போன்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பில்லோட சேர்த்து வெச்சு, வாரன்டி முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடி மறுபடி இதே டெஸ்டைப் போட்டுப் பாருங்க.