குழுவாய்க் கற்போம்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவர் ஒருவர்

ஆசிரியர் சொல்கிறார், நாம் எழுதிக்கொள்கிறோம், தேர்வில் அதையே திருப்பி எழுதுகிறோம். இதுவே கல்வி என்று பழகிவிட்டோம். ஆனால் உடன் பயில்வோரிடம் கற்பது நம் மண்ணுக்குப் புதியதன்று.

திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை 1789 முதல் நடத்திய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பயிலும் நம் பிள்ளைகளைக் கண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையால் 'மெட்ராஸ் முறை' உலகெங்கும் பரவியது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் மாநிலமெங்கும் வந்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் தரையில் வட்டமாக அமர்ந்து அட்டைகளைக் கொண்டு கற்ற தலைமுறை நாங்கள். மேல்வகுப்புக்குச் சென்றதும் அந்த வட்டம் கலைந்துவிட்டது.

கல்லூரிக்கும் அது பொருந்துமா? 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லாரி மைக்கேல்சனின் வகுப்பு 40 பேரிலிருந்து 120 பேராகப் பெருகியது. அவர் வகுத்ததே குழுவழிக் கற்றல். ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட குழுக்களை ஆசிரியரே அமைப்பார். பருவம் முழுதும் அவை மாறா. மாணவர் பாடத்தை முன்பே படித்து வருவர். முதலில் தனித்தனியே சிறுதேர்வு. பின் அதே வினாக்களுக்குக் குழுவாக விடை. எஞ்சிய ஐயங்களை மட்டும் ஆசிரியர் விளக்குவார். அதன்பின் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டு: உள்ளே சிறு கல் உறைந்த பனிக்கட்டி, குவளை நீரில் மிதக்கிறது. அது உருகினால் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, மாறாதா? ஒருவர் ஏறும் என்பார், மற்றவர் மறுப்பார். மிதக்கும்போது கல் தன் எடைக்கு ஈடான நீரை விலக்கும். மூழ்கியபின் தன் பருமனளவு நீரையே விலக்கும். ஆகவே மட்டம் இறங்கும். வாதிட்டுப் பெற்ற விடை மறக்காது.

ஒருவர் உழைக்க மற்றவர் மதிப்பெண் பெறுவரே என்பர் சிலர். அதற்காகவே தனித்தேர்வு முதலில் வருகிறது; அதற்கும் மதிப்பெண் உண்டு. பேருந்தில் நெடுந்தொலைவு வருவோர் முன்கூட்டியே படிப்பது கடினந்தான். நான்கைந்து பக்கம் கொடுத்தால் போதும்.

என் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பாடத்தில் ஐயம் எழுந்தால் வீட்டில் கேட்க எவருமில்லை. அறுபது பேர் முன் எழுந்து ஆங்கிலத்தில் கேட்க நா எழாது. ஆறு பேர் நடுவே தமிழில் கேட்கலாம். என் போன்றோர் இங்கு பலர்.

ஆசிரியப் பெருமக்களே! இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். முன்வரிசையினர் பின்வரிசையை நோக்கித் திரும்பி அமர்ந்தால் குழு தயார். பருவத்திற்கு ஓர் அலகையேனும் இம்முறையில் நடத்திப் பாருங்கள். நண்பர்களே, படித்து வருவது நம் பொறுப்பு!