செல்போனில் கடை போடலாம், பூட்டும் போடணும்!



1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு, 1991-92-ல் நம் சேலம் மாவட்டத்துக்கு வந்தது. நாமக்கல்லும் அப்போது நம்மோடுதான் இருந்தது. அன்றைக்கு நமக்குச் சந்தை என்றால் வாரச்சந்தை, கண்காட்சி, அக்கம்பக்கம் அவ்வளவுதான். இன்று சூரமங்கலத்தில் காயவைத்த ஜவ்வரிசி வத்தலைச் சென்னையில் இருப்பவர் வாட்ஸ்அப்பில் பார்த்து வாங்கலாம். 2021 நவம்பரில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம், குழுப் பொருட்களை விற்கப் பிளிப்கார்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. கதவு திறந்திருக்கிறது. உள்ளே போகும் முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதைப் பார்ப்போமா?

லாபம் எங்கிருந்து வருகிறது?

வாங்கினவர் நம்மோடு பேசுவதுதான் இந்தக் கடையின் பலம். "உப்பு அதிகம்", "கால் கிலோ பாக்கெட் போடுங்க" என்று எழுதுவார். அது நமக்குக் காசில்லாமல் கிடைக்கும் யோசனை. நாலு பேர் "நல்லா இருக்கு" என்று எழுதினால், ஐந்தாவது ஆள் நம்பி வாங்குவார்.

அதற்காக நம் பொருளை நாமே வாடிக்கையாளர் போலப் பாராட்டி எழுதக் கூடாதுங்க. 2020-ம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இதைத் தடை செய்கின்றன. குறை எழுதினவரிடம் சண்டை போடாமல் மரியாதையாகப் பதில் சொல்லுங்க. அதையும் பத்துப் பேர் படிப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்க

உதாரணத்துக்கு, ஒரு பாக்கெட் வத்தல் விலை ரூ.100. தயாரிப்பு ரூ.65, மேலட்டை ரூ.8. மீதி ரூ.27. அதே பாக்கெட் நொறுங்கித் திரும்பி வந்து, கூரியர் ரூ.50-ம் நம் தலையில் விழுந்தால் நஷ்டம் ரூ.123. அதை ஈடுகட்ட இன்னும் 5 பாக்கெட் விற்கணும். ஆகவே கமிஷன் எவ்வளவு, திரும்பி வந்தால் செலவு யாருடையது என்று கேட்காமல் எந்தத் தளத்திலும் சேர வேண்டாம். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் கட்டாயம் வேண்டும்.

ஆபத்து எப்படி வரும்?

1. "பணம் அனுப்புறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பார்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகும்.

2. பணம் கட்டியதாகப் படம் அனுப்புவார்கள். படத்தை நம்பிப் பொருளை அனுப்பாதீங்க. வங்கிக் கணக்கில் பணம் ஏறியதா என்று பாருங்க.

3. "தெரியாமல் ரூ.5,000 அனுப்பிட்டேன், திருப்பிப் போடுங்கக்கா" என்று அழுவார்கள். முதலில் இருப்பைப் பாருங்க. பிறகு வங்கியில் கேளுங்க.

4. ஓடிபி கேட்பார்கள். வங்கி அதிகாரி என்று சொன்னாலும் சொல்லாதீங்க.

5. நம் சொந்த நம்பரையும் வீட்டுப் போட்டோவையும் பொதுவில் போட்டால் வேண்டாத அழைப்புகள் வரும். குழுவுக்கென்று தனி சிம் வாங்குங்க. பொருளை மட்டும் படம் எடுங்க. யாராவது தொல்லை கொடுத்தால் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு புகார் செய்யுங்க. தப்பு செய்தவர் அவர், நாம் இல்லை.

குழுவின் பூட்டு

கடை முழுவதும் ஒருவர் செல்போனில் இருந்தால், அந்தச் செல்போன் தொலையும் நாளில் கடையும் தொலையும். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைங்க. விற்ற பணம் தனிநபர் கணக்குக்குப் போகாமல் குழுக் கணக்குக்கே வரட்டும். வாடிக்கையாளர் பெயர், முகவரியை நோட்டிலும் எழுதுங்க. ஆர்டர் நோட்டையும் வங்கிப் புத்தகத்தையும் ஊக்குநரும் பிரதிநிதிகளும் மாதம் ஒருமுறை ஒத்துப் பார்க்கணும். சந்தேகம் வந்த பிறகு கணக்குக் கேட்டால் உறவு கெடும். வழக்கமாகவே கேட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

பணம் போய்விட்டால்?

வெட்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்க. பணம் அடுத்தடுத்த கணக்குக்குக் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் உடனே சொல்லுங்க. பெண்களுக்கான உதவி எண் 181.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

• நம் குழுவின் எந்தப் பொருள் கூரியரில் கெடாமல் போகும்?
• குழு செல்போனை யார் வைத்திருப்பது? அவர் ஊருக்குப் போனால் யார் பார்ப்பது?
• 1930 எண் எல்லோருக்கும் மனப்பாடமா?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு தைரியமாகக் கடையைத் திறப்போம்!